ஜூன் மாத ஓடைகள்

பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில் நடக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எப்போது கிளம்புகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. கென்னடி மெடோஸுக்கு எப்போது போய்ச் சேருவீர்கள் என்றுதான் கேட்பேன். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 2,650 மைல் (ஏறக்குறைய 4,265 கிலோமீட்டர்) நீளும் அந்தப் பாதையில் முதல் 700 மைலும் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பூமி. அங்கே தண்ணீர் கிடைக்காது என்பது கவலை. கென்னடி மெடோஸைத் தாண்டினால் சியரா நெவாடா மலைத்தொடர். அங்கிருந்து சொனோரா கணவாய் வரை 300 மைலுக்கு மேல் கவலை தலைகீழாகிறது. தண்ணீர் அதிகமாக இருக்கும். அதுவும் பாதைக்குக் குறுக்கே ஓடும்.

ஜூன் 15-ஐ ஒட்டி சியராவுக்குள் நுழைய வேண்டும் என்று பழைய நடையர்களிடையே ஒரு கணக்கு உண்டு. அந்தத் தேதிக்குள் கணவாய்களில் பனி நடக்கும் அளவுக்குக் குறைந்திருக்கும், செப்டம்பர் கடைசிக்குள் கனடா எல்லையையும் தொட்டுவிடலாம் என்பது அதன் தர்க்கம். சராசரி ஆண்டுக்கு அது மோசமான கணக்கில்லை. ஆனால் சியராவில் சராசரி ஆண்டு என்பது எப்போதாவதுதான் வரும்.

முதல் சிக்கல் பெர்மிட்டில் தொடங்குகிறது. தெற்கு முனையிலிருந்து கிளம்ப நாளொன்றுக்கு 50 பேருக்குத்தான் நெடுநடை அனுமதி. மார்ச் 1 முதல் மே 31 வரை ஏதாவது ஒரு நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதிவு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே, நவம்பரில் தொடங்கிவிடுகிறது. அதாவது, எந்தப் பனியைப் பார்த்து நாள் குறிக்க வேண்டுமோ அந்தப் பனி விழுவதற்கு முன்பே நாள் குறித்தாகிவிடுகிறது. லீவு சொல்லி, விமான டிக்கெட் எடுத்து, வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்ட பிறகுதான் மலை தன் கணக்கைச் சொல்ல ஆரம்பிக்கும்.

அந்தக் கணக்கை ஏப்ரல் 1-ஆம் தேதி பார்க்கலாம். சியராவில் பனி பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் உச்சத்தில் இருக்கும். கலிபோர்னியா நீர்வளத் துறை அளந்து சொல்வது பனியின் உயரத்தை மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் தண்ணீரை. உலோகக் குழாயைப் பனிக்குள் தரை வரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு சேர்த்து எடை போடுவார்கள். புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் தேறினால் பெரிது. வசந்தகாலத்துப் பழைய பனி அழுந்திக் கனத்திருக்கும். பத்து அங்குலத்தில் நான்கு, ஐந்து அங்குலத் தண்ணீர் நிற்கும். எத்தனை அடிப் பனி என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலில் ஓடையைப் பற்றி ஒன்றும் இருக்காது.

இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு எப்படித் துள்ளும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2015 ஏப்ரல் 1 அன்று மாநிலம் முழுவதற்குமான அளவு சராசரியில் 5 சதவீதம். பனியை அளக்கும் ஃபிலிப்ஸ் நிலையத்தில், வழக்கமாக ஆளுயரப் பனி கிடக்கும் இடத்தில், அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல் மேல் நின்றுகொண்டு தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். எட்டே ஆண்டு கழித்து, 2023-இல், அதே ஏப்ரல் தொடக்கத்தில் சராசரியில் 237 சதவீதம். சியராவிலிருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் குறுக்கே போகும் டியோகா சாலை அந்த வருடம் ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தது. இந்த இரண்டு ஆண்டுக்கும் ஜூன் 15 என்ற ஒரே தேதியைப் பரிந்துரைப்பவரிடம் நான் வழி கேட்கமாட்டேன்.

ஏப்ரல் எண் எவ்வளவு என்று சொல்லும். எப்போது என்று சொல்வது மே மாதம். வெயில் அடித்த உடனே பனி ஓடைக்கு வந்துவிடாது. குளிர்காலப் பனியடுக்கின் உள்ளே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். மேலே உருகும் நீர் கீழே இறங்கி அங்கேயே மறுபடி உறையும். உறையும்போது வெப்பத்தை வெளிவிட்டு அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கும். மேலிருந்து தரை வரை முழு அடுக்கும் பூஜ்ய டிகிரிக்கு வந்து, பிடிக்கும் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் வெளியே வரும். இதைப் பனி ‘பழுப்பது’ என்பார்கள். பழுத்த பிறகு ஒவ்வொரு வெயில் நாளும் அப்படியே ஓடைக் கணக்கில் வரவாகிறது. அதனால்தான் ஏப்ரலில் வாரக்கணக்கில் வெயில் அடித்தும் அசையாமல் கிடக்கும் ஓடை, மே கடைசியில் நாலைந்து வெப்ப நாளிலேயே கரைபுரள ஆரம்பிக்கிறது. மே குளிராக, மேகமூட்டமாகப் போனால் கணக்குத் தீரவில்லை, தள்ளிப்போகிறது என்றுதான் பொருள். அந்தப் பனி முழுவதும் ஜூனின் உயர்ந்த சூரியனுக்காகக் காத்திருக்கும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதில்தான் இருக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சியராவில் பாதி உண்மை. பனி அதிகம் என்று கேள்விப்பட்டதும் கென்னடி மெடோஸில் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். கேட்க நிதானமாக இருக்கிறது. ஆனால் மே மாத நடுவில் நுழைகிறவருக்குப் பனி நிறைய, ஓடை குறைவு. ஆறுகள் பல இடங்களில் இன்னும் பனிக்கு அடியில் ஓடும். கெட்டியான பனிப்பாலத்தின் மேல் நடந்தே அக்கரை போகலாம். ஜூலை நடுவில் நுழைகிறவருக்கு, சராசரி ஆண்டில், இரண்டுமே குறைவு. இடையில், ஜூன் முதல் மூன்று வாரத்தில் நுழைகிறவருக்குக் கணவாயில் பனியும் இருக்கும், ஓடையில் வெள்ளமும் இருக்கும், பனிப்பாலங்கள் இடிந்து போயிருக்கும். இரண்டு வாரம் காத்திருந்தவர் பாதுகாப்பான மேயிலிருந்து கிளம்பி நேராக உச்ச வெள்ளத்துக்குள் போய் நிற்கிறார். காத்திருப்பதென்றால் உச்சம் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். 2017, 2023 மாதிரி கனத்த ஆண்டுகளில் அந்த உச்சம் ஜூன் கடைசிக்கும் ஜூலைக்கும் நகர்ந்துவிடும்.

முன்கூட்டியே போவது எல்லோருக்கும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மே மாத சியரா நடைபாதையே அல்ல, பனிமலை. ஐஸ் ஆக்ஸை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனால் போதாது; சறுக்கும்போது அதைக் குத்தி நிறுத்தப் பழகியிருக்க வேண்டும். பாதை கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இருபது மைல் நடந்து பழகியவர் பத்துக்கே திணறுவார். புயல் வந்தால் பனிச்சரிவு அபாயம் திரும்பும். இதெல்லாம் தெரிந்த கூட்டாளிகள் இருந்தால் நான் மே மாதத்தைத்தான் எடுப்பேன். இல்லாவிட்டால் ஜூலை.

வருடத்தின் கணக்கு இப்படி. நாளின் கணக்கு இன்னொன்று.

பனியை உருக்குவது பெரும்பாலும் நேரடி வெயில்தான். காற்று கதகதப்பாக இருந்தால் உருகும் என்று நினைக்கிறோம். அதன் பங்கு சிறியது. ஒரு கிலோ பனியை உருக்க ஆகும் வெப்பத்தை அதே ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏறிவிடும். அவ்வளவு சக்தியும் பகல் சில மணி நேரத்தில் சூரியனிடமிருந்துதான் வருகிறது. புதுப்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசு படிந்த பழைய பனி பாதியளவை உள்ளே இழுத்துக்கொள்ளும். மதியம் உருகியது பனிக்குள் கசிந்து, பாறையில் வழிந்து, சிற்றோடையில் சேர்ந்து, நீங்கள் கடக்கும் இடத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். பனிக்கு அருகிலிருக்கும் சின்ன ஓடையில் உச்சம் மாலையில் வரும், அடிமட்டம் விடியற்காலையில். ஓடை பெரிதாக, மலை அடிவாரத்தை நெருங்க நெருங்க, இந்தத் தாமதம் கூடும். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் மெர்செட் ஆற்றை நூறு வருடத்துக்கு மேலாக அளந்து வருகிறார்கள். அங்கே உருகுகாலத்தில் நாளின் உச்சம் நள்ளிரவை ஒட்டி வரும். காலையில் தண்ணீர் குறையும் என்பதை எல்லா ஆற்றுக்கும் பொது விதியாக வைத்துக்கொண்டால், பெரிய ஆற்றின் கரையில் ஏமாற்றம்தான். அங்கே விடிந்த பிறகும் குறைந்துகொண்டே இருக்கும். மதியத்தை ஒட்டித்தான் அடிமட்டம்.

பாதைக்குக் குறுக்கே ஓடும் எவல்யூஷன் ஓடைக்கு ஒருமுறை நாங்கள் வந்தபோது மாலை. முந்தைய இரவு முயர் கணவாய்க்குக் கீழே தங்கி, கருக்கலில் கணவாயைத் தாண்டி, பகல் முழுக்க எவல்யூஷன் பள்ளத்தாக்கில் இறங்கி வந்திருந்தோம். ஓடை சாம்பல் நிறத்தில், கரையோர வில்லோ புதர்களின் கிளைகளை வளைத்துத் தண்ணீருக்குள் இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து அவ்வப்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம். வெள்ளம் உருட்டும் கல் இன்னொரு கல்லில் மோதும் சத்தம் அது. காதில் விழுவதற்கு முன் பாதத்தில் தெரிகிறது.

கூட வந்த தம்பிக்கு அவசரம். “அண்ணா, இப்பவே தாண்டிட்டா நாளைக்கு லேட் ஆகாதுல்ல?”

“அந்த வெள்ளைக் கோடு போட்ட பாறை தெரியுதா? தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு பாத்து வச்சுக்கோ. காலைல பேசலாம்.”

“காலைல மட்டும் என்னண்ணா மாறிடப் போவுது?”

காலையில் அந்தக் கருங்கல்லில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரப்பட்டை. தண்ணீர் அதற்குக் கீழே. கலங்கல் தெளிந்து அடியிலிருந்த கூழாங்கற்கள் தெரிந்தன. கல் உருளும் சத்தம் நின்றிருந்தது. அப்படியும் வழக்கமான இடத்தில் நாங்கள் இறங்கவில்லை. சற்று மேலே எவல்யூஷன் புல்வெளியில் ஓடை அகன்று, வேகம் செத்து, கிட்டத்தட்டக் குளம்போலக் கிடக்கும். கனத்த ஆண்டுகளில் பலரும் அங்கேதான் கடக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே வரை தண்ணீர், எலும்புவரை குளிர், ஆனால் தள்ளவில்லை. தம்பி அக்கரையில் நின்று சாக்ஸைப் பிழிந்துகொண்டே, “சரிண்ணா, ஒத்துக்கறேன்” என்றான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழத்தைவிட வேகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால்தான் முழங்கால் அளவு வெள்ளை நுரையில் விழுகிற ஆள், தொடையளவு மெதுநீரில் சாவகாசமாக நடந்து போகிறார். ஆற்று நீரை அளக்கும் பணியாளர்களிடம் ஒரு தோராய விதி உண்டு: ஆழத்தை அடியிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கினால் 10-ஐத் தொடக்கூடாது. முதுகில் பதினைந்து கிலோ பேக்கோடு, முந்தைய நாள் களைப்போடு நிற்பவர் அதற்கும் நன்றாகக் கீழே நிற்பது நல்லது. வேகத்தை அறிய ஒரு குச்சியைப் போட்டு, அதன் கூடவே கரையில் நடந்து பாருங்கள். உங்கள் வேக நடையை அது மிஞ்சினால் வேறு இடம் தேடுங்கள்.

இறங்குவதற்கு முன் நான் முதலில் நடப்பது கீழ்ப்பக்கம். விழுந்தால் எங்கே போய்ச் சேருவேன் என்பதுதான் அந்த இடத்தைப் பற்றிய முதல் கேள்வி. கீழே அகன்ற திட்டும் ஆழமில்லாத தண்ணீரும் இருந்தால் விழுந்தாலும் எழலாம். மரங்கள் அடைத்துக்கிடந்தால், தண்ணீர் கிளைகளுக்கிடையே புகுந்து போகும், ஆள் போகமாட்டார். அருவி இருந்தால் பேச்சே இல்லை. இதைப் பார்த்த பிறகு மேல்பக்கம் தேடல்: ஓடை பிரிந்து ஓடுமிடம், அகலமான இடம். பாதை ஓடையைத் தொடும் இடம் கோடையின் கடைசியில் வசதியாக இருக்கும் என்று வகுத்த இடம்; ஜூனில் அதற்கு மரியாதை கிடையாது. பேக்கின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட வேண்டும். ஷூவோடு இறங்க வேண்டும். மேல்நீரைப் பார்த்தபடி, ட்ரெக்கிங் கம்பை ஊன்றி, ஒரு சமயம் ஒரு காலோ ஒரு கம்போ மட்டும் நகர, பக்கவாட்டில் போக வேண்டும். உருகுநீரில் சில நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. நடுவில் நின்று யோசிக்க அவகாசம் இல்லை. யோசனையைக் கரையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ஓடை காலையைக் கேட்கிறது. தொல்லை என்னவென்றால், கணவாயும் காலையைத்தான் கேட்கிறது. இரவில் உறைந்த பனியின் மேல்தோல் விடியும்போது கான்கிரீட் மாதிரி. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்ளான மைக்ரோஸ்பைக்ஸ் கடித்துப் பிடிக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அது நெகிழ ஆரம்பித்து, அடிக்கு அடி தொடைவரை உள்ளே போகும். அப்புறம் ஒரு மைலுக்கு இரண்டு மணி நேரம். ஆகவே சியராவில் வழித்திட்டம் என்பது மைலைப் பிரிப்பதல்ல, காலைகளைப் பங்கிடுவது. பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபாரஸ்டர் கணவாய் (13,153 அடி) விஷயத்தில் அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. அதற்கு முன்னால் வரும் டிண்டல் ஓடைக்கு இக்கரையிலேயே தங்கி, இருட்டு பிரியும் நேரத்தில் ஓடையைத் தாண்டி, உறைபனி இளகுவதற்குள் கணவாயைப் பிடித்துவிடலாம். ஒரே காலையில் இரண்டு வேலை. முயர் கணவாயில் அது நடக்காது. இரு பக்கமும் மைல் கணக்கில் பனி. கணவாய்க்கு ஒரு காலை, எவல்யூஷன் ஓடைக்கு மறுகாலை.

இதையெல்லாம் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டு: மேகம் மூடிய இரவு. தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்று பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தால்கூட மேல்தோல் உறையும். மேகம் போர்த்தியிருந்தால் உறையாது. அந்த மறுநாள் காலை கணவாயில் பனியும் இளகிக் கிடக்கும், ஓடையும் இறங்கியிருக்காது. படுக்கப்போகும் முன் நட்சத்திரம் தெரிகிறதா என்று டென்ட்டுக்கு வெளியே தலை நீட்டிப் பார்ப்பது எனக்கு அலாரம் வைப்பதைவிட முக்கியமான வேலையாகிவிட்டது.

மற்ற நடையர்களின் தகவலை நான் பாதிதான் நம்புவேன். “பேர் (Bear) ஓடை முழங்கால் ஆழம்தான், ஒன்றுமில்லை” என்று ஒருவர் சொல்கிறார். எந்த நேரத்தில் கடந்தார்? அவர் உயரம் என்ன? அதற்கு முந்தைய இரவு எப்படி இருந்தது? இந்த மூன்றும் இல்லாத தகவலும் இரண்டு நாள் பழைய தகவலும் கதை கேட்க மட்டும் நன்றாக இருக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு முறை எடுக்கும் படத்தில் எந்தச் சரிவு வெளுத்துக் கிடக்கிறது என்று பார்க்கலாம். பக்கத்து ஆறுகளின் அளவீட்டு வரைபடத்தில் தினமும் ஏறி இறங்கும் அலையைப் பார்க்கலாம். நாளுக்கு நாள் அந்த அலையின் முகடு உயர்ந்துகொண்டே போனால் உச்சம் இன்னும் வரவில்லை. முகடு இறங்கத் தொடங்கிவிட்டால், வெயில் கொளுத்தினாலும், மேலே உருகப் பனி குறைந்துவிட்டது என்று பொருள்.

சியராவை விட்டுவிட்டு வடக்கே போய் நடந்து, ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ திரும்பி வந்து இந்தப் பகுதியை முடிப்பவர்களும் உண்டு. அது தொடர்ச்சியை உடைக்கிறது என்று சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்போது எவல்யூஷன் ஓடை கணுக்காலைத் தாண்டாது.

கடைசியாக, வடக்கு யோசெமிட்டி. டுவாலமி மெடோஸ் தாண்டியதும் கணவாய்கள் உயரம் குறைந்துவிடும்; பெரிய மலைகள் முடிந்தன என்று மனசு லேசாகிவிடும். அங்கேதான் ரிட்டர்ன் ஓடை, பயூட் ஓடை, கெரிக், ஸ்டபிள்ஃபீல்டு என்று பள்ளத்தாக்குக்கு ஒன்று காத்திருக்கிறது. 2017 கோடையில் இந்தப் பாதையின் சியரா பகுதியில் நடையர்கள் இருவர் ஓடைகளில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். உயர்ந்த கணவாய்களை அல்ல, ஓடைகளைத்தான் அந்த வருடம் எல்லோரும் பேசினார்கள். வடக்கு யோசெமிட்டியில் ஒரே நாளில் இரண்டு மூன்று பள்ளத்தாக்கு ஏறி இறங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் காலையில் கடக்க வழியே இல்லை. கெரிக் ஓடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தால், மறுநாள் விடியும்வரை அங்கேயே உட்காருவதுதான் செய்யக்கூடியது. உட்காரச் சாப்பாடு வேண்டும். டுவாலமியிலிருந்து சொனோரா கணவாய் வரை சுமார் 75 மைல். நான்கு நாள் என்று கணக்குப் போட்டு நான்கு நாள் உணவை மட்டும் கரடிப்பெட்டியில் (கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி) அடைப்பவர், பிற்பகல் மூன்று மணி வெள்ளத்தில் இறங்கத் தன்னைத் தானே கட்டாயப்படுத்திக்கொள்கிறார். நான் இந்தத் துண்டுக்கு ஆறு நாள் உணவு எடுப்பேன். ஒன்றரை கிலோ கூடும்.